விரல் தூக்கும் வரை

உப்பு போட்ட அதிமதுர மிட்டாய் பல்லில் ஒட்டிக்கொள்ளும். குளிர்காலத்தில் இந்தத் துறைமுக ஊரில் எல்லோர் பையிலும் அது இருக்கும். என் பையிலும் இருந்தது. எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது என்பதால் முதலில் அதைச் சொல்கிறேன்.

நாடக அரங்கில் நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுப்பது என் வேலை. முதல் வரிசையின் நடுவில், சின்ன விளக்கோடு, பிரதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நடிகர் மறந்துபோய் என்னைப் பார்த்தால் அடுத்த சொல்லைக் கிசுகிசுப்பேன். அன்று வோல்க்மார் டீடமான், மனைவியைப் புதைத்துவிட்டு வீடு திரும்பும் படகுக்காரராக நடித்துக்கொண்டிருந்தார். வசனம் மறந்தது. என்னைப் பார்த்தார். என் பற்கள் மிட்டாயில் ஒட்டிக்கிடந்தன.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அரங்கம் மூச்சுவிடவில்லை. பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள்.

மறுநாள் பத்திரிகை, ஒரு கடற்கரையின் மொத்தத் துக்கமும் அந்த மௌனத்தில் இருந்ததாக எழுதியது. வோல்க்மார் அதை எடுத்துக்கொண்டு அரங்கின் உணவறைக்கு வந்தார்.

“ஆன்னெகே, நான் உள்ளுக்குள்ள உன்னைக் கெட்ட வார்த்தையில திட்டிட்டிருந்தேன். அதைப் பார்த்துட்டு இந்தப் பத்திரிகைக்காரன் துக்கம்ங்கறான்.”

“முகம் அப்படித்தான் இருந்துச்சு.”

இயக்குநர் சில்கே சிரிக்கவில்லை. “அப்போ தினமும் திட்டுங்க,” என்றாள்.

அவள் மேலிருந்து ஒற்றை வெளிச்சம் வைத்தாள். அந்த வெளிச்சத்தில் ஒரு வாளியை வைத்தாலும் மனைவியை இழந்ததுபோல் தெரியும். வைத்தும் பார்த்தோம். விளக்குப் போடுகிறவர் மூக்கை உறிஞ்சினார்.

எவ்வளவு நேரம் மௌனமாக இருப்பது என்று வோல்க்மாருக்குக் கணக்கு வைக்கத் தெரியவில்லை. அதனால் ஒத்திகையில், சில்கே முன்னால், ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நான் விரலைத் தூக்கும்போது மௌனம் முடியும்.

“நான் கெஞ்சற மாதிரி பார்ப்பேன். இரங்கிடாத. அதுதான் நடிப்பே,” என்றார்.

நான் இரங்கவில்லை. மௌனம் நாளுக்கு நாள் வளர்ந்தது. சுருக்கமாக முடிந்த நாளில் அரங்கின் சந்தாதாரர்கள் புகார் எழுதினார்கள். மௌனத்துக்கு இடம் வேண்டுமென்று சில்கே கல்லறைப் பேச்சை வெட்டினாள். பிறகு தம்பியை வெட்டினாள். தம்பியாக நடித்தவர் இப்போது நுழைவுச்சீட்டு கிழிக்கிறார். என் பிரதியில் வெள்ளைப் பக்கங்கள் கூடிக்கொண்டே வந்தன. நான் பெருமையடிக்கிற ஆள் இல்லை. ஆனாலும், அத்தனை பேரும் வந்தது என் விரலுக்காகத்தான். அவர்களுக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

கடைசி நாள் மதியம் உணவறையில் உருளைக்கிழங்கு சூப் குடிக்கும்போது வோல்க்மாரின் கரண்டி கீழே விழுந்தது. நான் எடுத்துக்கொடுத்தேன். மறுபடி விழுந்தது.

“இடது கை மரத்துப்போகுது,” என்றார். “இன்னைக்கு நான் உன்னைப் பார்த்தா விரலைத் தூக்கிடும்மா. நடிப்பில்ல. நிஜமாச் சொல்றேன்.”

“சரி,” என்றேன்.

சரி என்று சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் முந்தைய ஏற்பாடு ஒத்திகையில் செய்தது. இது சூப் குடிக்கும்போது சொன்னது. சூப் குடிக்கும்போது சொல்வதையெல்லாம் மேடையில் அமலாக்கினால் எந்த அரங்கமும் நடக்காது.

அன்று மௌனம் வந்ததும் அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்தார். பிடி நழுவியது. மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். வாயின் ஒரு பக்கம் இறங்கியது. வெளிச்சம் சரியாக அந்தப் பக்கத்தில் விழுந்தது.

எங்கள் அரங்கில் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு டாக்டருக்கு இலவச இருக்கை உண்டு, அவசரத்துக்காக. அது என் வரிசையின் ஓரத்தில் இருக்கிறது. அன்று டாக்டர் ஊபோ ஹார்ம்ஸ் உட்கார்ந்திருந்தார். அவர் பாதி எழுந்தார். எழுந்தபடியே என்னைப் பார்த்தார். நான் விரலை உதட்டில் வைத்தேன். கச்சேரி நடுவே காகிதத்தைப் பிரித்தவர்போல வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“என்னமா பண்றாரு பாரு,” என்று பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது.

அது உங்கள் குரல், காவல் ஆய்வாளர் அம்மா. விளக்கு அணைந்ததும் முதலில் எழுந்து கைதட்டியதும் நீங்கள்தான். உங்கள் கணவர் கோட்டைப் பிடித்து இழுத்தும் நீங்கள் உட்காரவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த வெளிச்சத்தின் கீழே இருப்பது எதுவானாலும் அழகாகத்தான் தெரியும். வாளியைப் பற்றி முன்பே சொன்னேன்.

உடனே கவனித்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று டாக்டர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அது நடிப்பு இல்லை என்பதும் எனக்குத் தெரிந்தது. வோல்க்மாரை வருடக்கணக்காக முதல் வரிசையிலிருந்து பார்க்கிறேன். அவ்வளவு நன்றாக அவர் ஒருபோதும் நடித்ததில்லை. அதனால்தான் அவருக்காக விரலைத் தூக்கவில்லை.

ஆனால் நான் கடமை தவறினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கடைசியில் அவர் என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். “டாக்டர்” என்றார். சத்தம் வரவில்லை, ஆனால் உதடுகளைப் படிப்பது என் தொழில். உடனே மடியில் இருந்த பக்கத்தைப் பார்த்தேன், மேலிருந்து கீழ்வரை.

அந்தச் சொல் அதில் இல்லை.