சான்றிதழுக்குக் கொடுத்த விலாசம்

என் பெயர் வுலான்தாரி. வயது 36. கணவர் பெயர் ஹெருமான். மாலாங் நகரம், செங்கோன் சந்து, 14ஆம் எண் வீட்டில் குடியிருந்து வருகிறேன். தொழிற்பள்ளியில் கணினி ஆசிரியை. என் மீது முன்வழக்கு எதுவும் இல்லை. விசாரணையில் நான் சொல்வதாவது:

மார்ச் 3ஆம் தேதி காலை, சேகார் வாராஸ் மருத்துவமனையின் இணையதளத்தில் என் தங்கையின் முன்பதிவுச் சீட்டைத் திறந்தேன். தங்கைக்கு என்ன நோய் என்று சொல்ல மாட்டேன். அது அவள் வேலை பார்க்கும் தையல் கம்பெனிக்குத் தெரிந்தால் அன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள். பக்க முகவரியின் கடைசியில் அவளுடைய எண் இருந்தது. அவள் விவரத்தை மற்றவர்களும் பார்க்க முடியுமோ என்று சந்தேகப்பட்டு அதில் ஒன்றைக் கூட்டிப் போட்டதும் முன்பின் தெரியாத ஒருவரின் பெயர், வீடு, நோய் எல்லாம் வந்தன. கடவுச்சொல் எதையும் நான் உடைக்கவில்லை. உடனே மூடிவிட்டு, அன்றே மருத்துவமனைக்கு எழுதித் தெரிவித்தேன்.

அதன் பின்பு மறுநாள் அவர்களுடைய மக்கள் தொடர்பு அதிகாரி சுகியோனோ போன் செய்து, "டீச்சர், எவ்வளவு பெரிய உதவி! சான்றிதழ் குடுக்காம விடுவமா? முழுப் பேரு, விலாசம், அடையாள எண் அனுப்புங்க" என்றார். பல்லை இளித்துக்கொண்டு அனுப்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதன் பின்பு 12ஆம் தேதி விழாவுக்குப் போடும் பட்டிக் சட்டை போட்டுக்கொண்டு போய், இயக்குநர் பக்கத்தில் கட்டைவிரலைத் தூக்கியபடி படத்துக்கு நின்றேன். பலகாரப் பெட்டியும் கொடுத்தார்கள். "எங்கள் கணினிக்குள் நுழைந்து குறையைக் கண்டறிந்தமைக்கு நன்றி" என்று சான்றிதழில் இருந்தது. கணவர் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். அந்தப் படத்தை மருத்துவமனையே வெளியிட்டது. நோயாளிகள் பதறிப்போய்க் கேள்வி கேட்கத் தொடங்கியதும் என் மீது புகார் கொடுத்துவிட்டது.

அதன் பின்பு 29ஆம் தேதி காலை போலீசார் நால்வர், சான்றிதழுக்காக நான் அனுப்பிய அதே விலாசத்துக்கு வந்தார்கள். சுவரிலிருந்து அந்தச் சான்றிதழைக் கழற்றி, சான்றுப்பொருள் எண் 1 என்று சீட்டு ஒட்டினார்கள்.

"திருட வந்தவ விலாசம் குடுத்துட்டுப் போவாளா சார்?" என்று கேட்டேன்.

"எட்டிப் பாத்தாலே குத்தம்தான் டீச்சர். நல்லதுக்குப் பாத்தவங்கள விட்டுடணும்னு சட்டத்துல ஒரு வரி இல்லயே, நான் என்ன பண்ண?" என்றார் போலீஸ் அதிகாரி.

இணையதளத்து ஓட்டையை மருத்துவமனைக்காரர்கள் அடைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. திரும்பப் பார்த்தால் அது இரண்டாவது குற்றமாம். முத்திரை வில்லை ஒட்டிய மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவார்களாம். அதில் ஓட்டையே இருந்ததில்லை என்று எழுத வேண்டுமாம். எனக்கு வயிறு எரிகிறது. என் தங்கையின் நோய் இன்னும் அந்த எண்ணுக்குப் பின்னால்தான் கிடக்கிறது. எழுத மாட்டேன். ஜெயிலில் போட்டாலும் எழுத மாட்டேன்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. சான்றிதழுக்கு அனுப்பிய அதே முழுப் பெயரை எழுதிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வுலான்தாரி ஹெருமான்