செல்மாவின் இரண்டு படுக்கையறை வீடு

அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும். ஜன்னலோரம் இருப்பதில் உட்காருங்கள், தோட்டமும் தெரியும். ஜாக்சன் ஹைட்ஸில் இப்படி மரங்களுக்கு நடுவே, உலகப் போருக்கு முன்னால் கட்டிய அடுக்குமாடி வீடுகள் சில தெருக்களில்தான் மிச்சம். சுவர் நல்ல கனம். ஒரு வீட்டில் ஆள் அழுதால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. என் மனைவி இறந்த வருடம் அதைத் தெரிந்துகொண்டேன்.

செல்மா எதிர்வீட்டில் இருந்தாள். இருபத்தாறு வருடப் பழக்கம். அவள் கணவரும் இறந்த பிறகு, தினமும் நான்கு மணிக்கு அவள் சமையலறையில் காப்பி குடிப்போம். நாள் முழுக்க நான் வாய் திறந்து பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான்.

போன வசந்தத்தில் சொன்னாள்: "மில்டன், வீட்டை விக்கப்போறேன். போர்ட்லண்டுக்கு வந்துடு அம்மான்னு ஜூடித் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. பேரப்பிள்ளைங்க வளந்தப்புறம் போய் என்ன பண்றது?"

"நல்ல முடிவு" என்றேன். கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

எங்கள் கட்டடத்தில் யாரும் வீட்டை விற்கலாம். ஆனால் வாங்க வருகிறவரைக் குடியிருப்போர் குழு ஏற்க வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல மாட்டோம். பதினோரு வருடமாக நான்தான் தலைவர். முதலில் வந்த தம்பதியிடம் நாய் இருந்தது. அடுத்தவர் பியானோ வாசிக்கிறவர். மூன்றாவதாக வந்த ஆசிரியையிடம் குறை எதுவும் இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றேன்.

மூன்றாம் மாடி இர்விங் சிரித்தார். "மோசஸே வந்து மனு போட்டாலும் விடமாட்டீங்க போலயே. நாப்பது வருஷம் பாலைவனத்துல அலைஞ்சவரு, நிலையான விலாசம் இல்லைன்னுடுவீங்க."

நான்காவதாக வந்தவர்களை என்னைத் தவிர எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். செல்மா பெட்டி கட்ட ஆரம்பித்தாள்.

நான் நாற்பது வருடம் மருந்துக்கடை நடத்தியவன். அவளுக்குக் கண் மங்கியதிலிருந்து, வாரத்துக்கான மாத்திரைகளைக் கிழமை வாரியாக டப்பாவில் எடுத்து வைப்பது நான்தான். அதில் ஒன்று, அவளுடைய பலவீனமான இதயத்துக்காக, உடம்பில் நீர் கோக்காமல் பார்த்துக்கொள்கிற சின்ன வெள்ளை மாத்திரை. அதற்குப் பதிலாக வேறொரு சின்ன வெள்ளை மாத்திரையை வைத்தேன். சத்து மாத்திரைதான். கெடுதல் எதுவும் நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

பத்து நாளில் கால் வீங்கியது. இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கியது. விமானப் பயணம் இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லி, அந்த மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். அந்தச் சீட்டையும் செல்மா என்னிடம்தான் கொடுத்தாள். வீடு வாங்க இருந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போனார்கள்.

பிறகு வந்த ஐந்து வாரங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். காலையிலேயே அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். கோழி சூப் வைப்பேன். தலையணையை நிமிர்த்தி வைப்பேன். கட்டிய பெட்டிகளைப் பிரித்து, தட்டுகளைப் பழையபடி அலமாரியில் அடுக்கினேன்.

"எனக்காக இவ்வளவு கஷ்டப்படுறீங்களே மில்டன்" என்றாள் ஒருநாள். "நீங்க இல்லேன்னா என் கதி என்ன ஆயிருக்கும்?"

"சும்மா இருங்க செல்மா. பேசினா மூச்சு வாங்குது."

அவள் இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். நான் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தேன். அவள் மூச்சு நின்றது எனக்குத் தெரிந்தது. வாசித்துக்கொண்டிருந்த பத்தியை முடித்தேன். அடுத்த பக்கத்தையும் வாசித்தேன். ஆம்புலன்சைக் கூப்பிட்டால் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஜூடித் வந்தபோது அந்த மாத்திரைகள் பாட்டிலில் அப்படியே நிறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். அதனால்தானே நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். பாட்டிலை நான் ஒளித்து வைக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மாற்றி வைத்தது நான்தான். ஐந்தாவது வாரத்தில் அது எங்கே போய் முடியும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

அடக்கம் முடிந்து, பாட்டிலைப் பார்ப்பதற்கு முன்னால், ஜூடித் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எங்க தெருவுலயே உங்களுக்கும் ஒரு வீடு பாக்கச் சொல்லியிருந்தாங்க அம்மா. நாலு மணிக்கு மில்டன் இல்லாம எனக்குக் காப்பி இறங்காதுன்னாங்க. பாத்தும் வெச்சிருந்தேன். உங்ககிட்ட அவங்களே சொல்லிக்கிறேன்னாங்க."

அதைப் பற்றி நானும் யோசித்துப் பார்த்தேன். போர்ட்லண்டில் மழை அதிகம். செல்மாவின் நெஞ்சுக்கு அது ஒத்துக்கொண்டிருக்காது.