மோட்டார் கொட்டகைக்குப் போன லைன்

எங்கள் வீட்டுப் பின்கதவிலிருந்து மோட்டார் கொட்டகை ஐம்பத்திரண்டு மீட்டர் தூரத்தில் இருக்கிறது. மூன்று முறை அளந்தேன். ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு, ஐம்பத்து நான்கு என்று வந்தது. நடுவில் இருப்பதை எடுத்துக்கொண்டேன். நான் அவசரக்காரன் இல்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஃபாதர். அதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

போன ஞாயிறு பூசையில் என் அக்கா பிரிசில்லாவுக்கும் பவுஞ்சூர் ஜெரோமுக்கும் இரண்டாவது கல்யாண ஓலை வாசித்தீர்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் மூன்றாவது ஓலைக்குள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்றீர்கள். முதல் வாரமும் அதையே சொன்னீர்கள். அப்போது நான் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டாவது வாரமும் யாரும் வராததால் யோசிக்க வேண்டியதாயிற்று. எனக்குத் தெரிந்த தடை ஒன்றுதான். அது நான். நேரில் சொன்னால் வரிசை மாறிவிடும் என்று எழுதித் தருகிறேன்.

என் பெயர் ஜோஷ்வா. கோயிலில் வலது பக்கம், இரண்டாவது ஃபேனுக்குக் கீழே உட்காருவேன். பகலில் அணுபுரம் டவுன்ஷிப் வாசலில் ஜெராக்ஸ் கடையில் வேலை. செவ்வாய், வியாழன் மாலை திருக்கழுக்குன்றத்தில் நெட்வொர்க் வகுப்பு. தினமும் செய்த வேலையை நோட்டில் எழுதச் சொன்னார் ஆல்வின் சார். வகுப்பில் வேறு யாரும் எழுதவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கீழே உள்ளதெல்லாம் அந்த நோட்டில் இருப்பதுதான்.

வகுப்புப் புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது. மொத்தம் பதினான்கு பாடம். நான் தமிழில் படித்தவன். அக்கா மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் வரவேற்பில் இருக்கிறாள். வெள்ளைக்காரர்களுக்கே வழி சொல்பவள். வகுப்பு இல்லாத நாளெல்லாம் இரவு ஏழரை மணிக்கு அடுப்படி வாசலில் உட்கார்ந்து எனக்குப் பாடம் சொல்வாள். சிக்னல் தேய்வது என்றால் என்ன என்று நான் கேட்ட அன்று அவள் சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

"காலைல அம்மா உன்ன எழுப்புதுல்ல, அதாண்டா. பக்கத்துல நின்னு கத்துனா எழுந்துக்குவ. தெருவுல நின்னு கத்துனா பொரண்டு படுத்துக்குவ. தூரமா பூட்டா கேக்காது. அவ்ளோதான்."

இதை ஆல்வின் சார் இரண்டு வகுப்புகள் எடுத்தும் எனக்குப் புரியவில்லை.

மே மாதம் அக்காவுக்குப் பூ வைத்தார்கள். ஜெரோம் மாமா குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். அவருக்கு வேலை முடியும் நேரம் நமக்கு ஏழரை. வீடியோவில் கூப்பிடுவார். எங்கள் வீட்டில் இரண்டே அறை. அக்கா எந்த அறைக்குப் போனாலும் அம்மா போனுக்குள் தலையை நீட்டி, "சாப்ட்டியாப்பா? இன்னா கொழம்பு?" என்று கேட்கும். அப்பா தூரத்திலிருந்து, "அங்க வெயில் எப்டி கீது?" என்பார். வெயிலும் குழம்பும் முடிவதற்குள் அரை மணி ஆகிவிடும். செல் சிக்னலோ எங்கள் தெருவில் தண்ணீர் டேங்க் மேல் ஏறினால்தான் கிடைக்கும்.

"தம்பி, மோட்டார் கொட்டாவுக்கு நெட்டு இழுத்து குடுடா" என்றாள் அக்கா. "நீ படிக்கறதுக்கு ஒரு பரிச்சன்னு வச்சிக்கோ."

சம்மதித்தேன். ஏழரைக்கு அவள் கொட்டகைக்குப் போனால் என் பாடம் என்ன ஆகும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. யோசித்ததாக நோட்டில் ஒரு வரி இருக்கிறது. ஆனால் அதை அடித்திருக்கிறேன்.

கேபிள் நூறு மீட்டர் வரை தாங்கும். தூரத்தில் பிரச்சினை இல்லை. மோட்டாருக்குக் கரண்ட் போகும் பைப் ஏற்கெனவே மண்ணுக்குள் இருந்தது. அதே பைப்புக்குள் நெட் கேபிளையும் விட்டேன். கொட்டகைச் சுவரில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு வைஃபை பெட்டி மாட்டினேன். அக்கா உரமூட்டைகளை ஓரம் கட்டி, பெருக்கி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டாள்.

அப்பா வந்து பார்த்தார். "மோட்டாருக்கே நெட்டு குட்த்துட்ட. இனிமே அது படம் பாத்துகினுதான் தண்ணி எடுக்கும்" என்றார்.

முதல் நாள் ஏழே முக்காலுக்கு மும்முனைக் கரண்ட் வந்தது. கரண்ட் வந்தால் எங்கள் மோட்டார் தானாக ஓடும். பக்கத்தில் மோட்டார் உறுமியதும் அக்கா கத்தினாள். அதே நொடியில் லைன் போய்விட்டது. கத்தலை மட்டும் கேட்டுவிட்டுக் குவைத்தில் ஒருவர் என்ன நினைத்திருப்பார் என்று நான் யோசிக்கவில்லை. நான் கேபிளைப் பற்றி யோசித்தேன்.

அக்கா வீட்டுக்கு வந்து என் புத்தகத்தைப் புரட்டினாள். ஆறாம் பாடத்தில் விரலை வைத்தாள்.

"டேய், இங்க இன்னா போட்டுகீது தெரிமா? கரண்ட் ஒயரையும் நெட்டு ஒயரையும் ஒண்ணா போடாதன்னு கொட்ட எழுத்துல போட்டுகீறான்."

"ஆறாம் பாடம் நீ இன்னும் சொல்லித் தரலக்கா."

சிரித்தாள். அன்று ஆறாம் பாடம் முழுவதும் சொன்னாள். சாப்பிடும்போது என் தட்டிலிருந்த மீனுக்கு முள் எடுத்தாள். எனக்கு இருபத்தொரு வயது. முள் எடுக்கத் தெரியும். நோட்டில் அன்றைய குறிப்பு: லைன் துண்டிப்பு ஒன்று. பாடம் ஒன்று முடிந்தது.

மறுவாரம் தனியாக ஒரு பள்ளம் வெட்டி, வேறு பைப்பில் கேபிளை மாற்றினேன். லைன் மிக நன்றாக வேலை செய்தது. அக்கா ஏழரைக்குப் போய் ஒன்பதுக்கு வந்தாள். நான்கு நாள் அப்படியே போனது. புத்தகம் ஏழாம் பாடத்திலேயே இருந்தது.

ஆல்வின் சார், தன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், வகுப்பில் அடிக்கடி ஒன்று சொல்வார். சோதிக்காத லைன் லைனே இல்லை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. லைன் நன்றாக இருப்பதுபோல் தெரிகிறது. உண்மையில் நன்றாக இருக்கிறதா? துண்டித்துப் பார்த்துத் திரும்ப வருகிறதா என்று பார்த்தால்தானே தெரியும்? ஐந்தாம் நாள் துண்டித்தேன். திரும்பக் கொடுத்தேன். வந்தது. ஒருமுறை வந்தால் போதுமா என்று மறுநாளும் செய்தேன்.

பிறகு முறையாகச் செய்தேன். வைஃபை பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் குழந்தைகளுக்கான கட்டுப்பாடு என்று ஒன்று உண்டு. ஒரு குழந்தையும் பட்டமும் வரைந்திருக்கும். அதில் சேர்த்த போனுக்கு மட்டும் நெட்டை நம் போனிலிருந்தே நிறுத்தலாம், திரும்பக் கொடுக்கலாம். அதில் அக்காவின் போனை 'குழந்தை 1' என்று சேர்த்தேன். அக்காவுக்கு இருபத்தாறு வயது. வேறு தலைப்பு அதில் இல்லை.

அவர்கள் பேசியதை நான் ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்க வேண்டாம். பெட்டியின் விளக்கு பச்சையாக இருக்கிறதா என்று பார்க்கக் கொட்டகைச் சன்னலுக்கு வெளியே நிற்க வேண்டியிருந்தது. காதைப் பொத்திக்கொள்ள இரண்டு கை வேண்டும். ஒரு கையில் போன் இருந்தது. சாதாரணப் பேச்சின்போது துண்டித்தால் சோதனை முழுமையாகாது. லைனுக்குப் பாரம் அதிகமாக இருக்கும்போது துண்டிக்க வேண்டும். ஒருநாள் மாமா, "குவைத்துக்கு வர உனுக்கு இஷ்டந்தானே?" என்று கேட்டார். அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு வாயைத் திறந்தாள். துண்டித்தேன். இன்னொரு நாள் அக்கா, "கல்யாணத்துக்கு அப்பறம் நான் வேலைக்குப் போனா உங்கம்மா இன்னா சொல்லுவாங்க?" என்று கேட்டாள். அதற்கு அவர் தொண்டையைக் கனைத்தார். அப்போதும் துண்டித்தேன்.

செவ்வாய், வியாழனில் வகுப்பிலிருந்தே செய்தேன். தூரத்திலிருந்து ஒரு லைனை நிர்வகிப்பது என்று ஒரு செய்முறைத் தேர்வு இருந்தது. உயிருள்ள லைன் என்னிடம் மட்டும்தான் இருந்தது. எல்லாரும் என் போனைச் சுற்றி நின்றார்கள். இணைப்பில் உள்ளவர்கள்: ஒன்று. பொத்தானை அழுத்தினேன். பூஜ்யம். வகுப்பே கைதட்டியது. அந்த ஒன்று அக்கா. ஆல்வின் சார் பத்துக்கு ஒன்பது போட்டார். ஒரு மதிப்பெண் எதற்குக் குறைந்தது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒருநாள் பகலில் மாமா என்னை ஜெராக்ஸ் கடையில் கூப்பிட்டார்.

"மச்சான், லைன்ல எதனா பேஜாரா?"

"இல்ல மாமா. லைன் நல்லா கீது. நானே டெஸ்ட் பண்ணேன்."

"அப்ப உங்கக்காதான் கட் பண்றாளா?"

"அத நான் எப்டி மாமா சொல்றது?"

நான் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை, ஃபாதர். திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன்.

அன்று மாலை அக்கா என் எதிரில் வந்து நின்றாள்.

"உண்மைய சொல்றா. லைன் கட் ஆவுதா, அவரு கட் பண்றாரா?"

"நம்ம லைன்ல கோளாறு ஒண்ணும் இல்லக்கா."

"சத்தியமா?"

"புக்குல கீற எல்லா டெஸ்ட்டும் பண்ணிட்டேன்."

 அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். "சரி வுடு. உன் புக்க எடுத்துனு வா."

அன்று ஏழாம் பாடம் முடிந்தது. அடுத்த ஒன்பது நாள் குவைத்திலிருந்து அழைப்பு வரவில்லை, அக்காவும் கூப்பிடவில்லை. எட்டாம் பாடமும் முடிந்தது. அந்த ஒன்பது நாளும் நோட்டில் ஒரே குறிப்புதான்: லைன் சீராக உள்ளது.

பத்தாம் நாள் மாமாவின் அம்மா, வேண்டா அத்தை, தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"எம்புள்ள ஒரு வாரமா சரியா துன்றதில்ல. உங்க பொண்ணுக்கு இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க. வச்ச பூவ நான் எடுத்துனு பூட்றேன்."

அம்மா அழுதது. அப்பா வெளியே போய் நின்றுகொண்டார். அக்காவுக்கு இதற்கு முன் இரண்டு இடம் பார்த்து இரண்டும் நின்றுபோயின என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு தடவையும் அம்மா உங்களிடம்தான் வந்து ஜெபிக்கச் சொன்னது. அக்கா அடுப்படிக்குப் போய், கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்துத் திரும்பக் கழுவினாள். அப்போது நான் சொல்லியிருக்கலாம். புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில்தான் நின்றேன். ஒன்பதாம் பாடத்தை இன்று ஆரம்பிக்கலாமா என்று கேட்டேன்.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

அதிலிருந்து மூன்றாம் நாள் சாயங்காலம் ஜெரோம் மாமா நேரில் வந்துவிட்டார். குவைத்தில் அவசர விடுப்புப் போட்டு, விமானத்திலிருந்து இறங்கி, பவுஞ்சூர் போகாமல், பெட்டியோடு நேராக எங்கள் கொட்டகைக்கு வந்தார். அழைப்பு வருமா என்று அக்கா உள்ளே உட்கார்ந்திருந்தாள். நான் சன்னலுக்கு வெளியே, வழக்கமான இடத்தில் இருந்தேன்.

"ம். இப்ப மூஞ்சிக்கு நேரா கட் பண்ணு, பாப்பம்" என்றார் மாமா.

"நீங்க கட் பண்ணிட்டு எம்மேல பழி போட்றீங்களா?"

"நான் எங்கடி கட் பண்ணேன்? நீ பதில் சொல்லுவ சொல்லுவன்னு அந்த வெயில்ல நின்னுகினு கீறேன், நீ பொசுக்குனு மறஞ்சி பூட்ற."

"குவைத்துக்கு வரேன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள மறஞ்சது நீங்கதான்."

பாரம் அதிகமாக இருந்தது. லைனைத் துண்டித்தேன். பேச்சில் எந்த மாற்றமும் இல்லை. இன்னொரு முறை அழுத்தினேன். அக்கா சிரித்தாள். என் முறையில் நான் கண்ட முதல் குறைபாடு இதுதான்.

அவர்கள் சண்டையைப் பேசித் தீர்த்தார்கள். எல்லாப் பழியும் குவைத்து நெட்டின் மேல் விழுந்தது. இனி தள்ளிப்போடக் கூடாது என்று தேதியும் குறித்துவிட்டார்கள். கல்யாணம் முடிந்து இருபது நாளில் அக்கா குவைத்துக்குப் போகிறாள். விசாவுக்கான ஜெராக்ஸை எங்கள் கடையில் நான்தான் எடுத்தேன். நான்கு நகல் கேட்டார்கள். தெளிவாக இல்லையோ என்று சந்தேகப்பட்டு ஒன்பது எடுத்தேன்.

மொத்தத் துண்டிப்பு முப்பத்தொன்று. முதலாவது மோட்டார் செய்தது. மீதி முப்பதும் நான் செய்தவை. மாமாவிடமும் அக்காவிடமும் லைன் நன்றாக இருக்கிறது என்று சொன்னதும் நான்தான். அக்காவுக்கு இது இன்னும் தெரியாது. தெரிந்தால் என்னைத் திட்டுவாள். திட்டி முடித்ததும் சாப்பிட்டாயா என்று கேட்பாள்.

எல்லாவற்றையும் மனமறிந்து ஒப்புக்கொள்கிறேன். இப்படி ஒரு தடை வந்த பிறகு மூன்றாவது ஓலையை இந்த ஞாயிறே வாசிப்பது முறையாகுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மூன்று மாதம் தள்ளி வைத்தால்கூடப் போதும். என் பரீட்சை மூன்று மாதத்தில் வருகிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு லைனை முழுமையாகச் சோதிக்கக் குறைந்தது மூன்று மாதம் ஆகும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது, ஃபாதர். பத்தாம் பாடத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை அக்கா எனக்கு இன்னும் சொல்லித் தரவில்லை.