நீலச் சட்டைக்காரன் கட்டிய முடிச்சு

சிவக்கொழுந்து: ...கொஞ்சம் அங்காலை தள்ளியிருங்கோ. தலை மறைக்குது.

செல்வநாயகம்: உந்தச் சின்ன லப்டொப்பிலை மறைக்க என்ன கிடக்கு? எப்ப முடியும் இந்தப் படம்?

சிவக்கொழுந்து: இப்பதானே துவங்கினது! எத்தினை மணி?

செல்வநாயகம்: பொறு பாப்பம்... பத்தரை.

சிவக்கொழுந்து: லப்டொப்பிலை பின்னேரம் நாலு மணி எண்டு காட்டுது! உந்த மணிக்கூட்டைத் திருத்தக் குடுங்கோ எண்டு மூண்டு வருசமாச் சொல்லுறன்.

செல்வநாயகம்: அது தன்ரை பாட்டிலை ஓடுது. விடு.

சிவக்கொழுந்து: உங்கடை தங்கச்சியின்ரை பெட்டை தக்சாயினிதான் தந்திட்டுப் போனவள். போன வருசம் வந்த அயர்லாந்துப் படமாம். அங்கத்தைப் பொம்பிளை ஒருத்தி எடுத்தது. கடற்கரைச் சனத்தின்ரை கதை. கீழை தமிழும் தக்சாயினிதான் எழுதிப் போட்டிருக்கிறாள்.

செல்வநாயகம்: ஒருத்தரும் வாய் திறக்கினமில்லை. அவள் என்னத்தை எழுதினவள்?

சிவக்கொழுந்து: அவையின்ரை புதுப் படங்கள் கனக்க உப்பிடித்தானாம். நெஞ்சு நிறைய வைச்சுக்கொண்டு, கதையாமல் திரிவினமாம்.

செல்வநாயகம்: உதைப் பாக்க அயர்லாந்துக்குப் போகோணுமோ?

சிவக்கொழுந்து: தேவையில்லை. எங்கடை மயிலிட்டியிலையும் ஒருத்தர் இருக்கிறார்.

செல்வநாயகம்: துவங்கீட்டாய்...

சிவக்கொழுந்து: நான் ஒண்டும் சொல்லேல்லை. பாருங்கோ.

செல்வநாயகம்: உந்தக் கிழவன் ஏன் மூஞ்சையைத் தூக்கி வைச்சிருக்கிறான்?

சிவக்கொழுந்து: மகள் தீவை விட்டுப் போறாளாம். வழியனுப்ப வரமாட்டானாம்.

செல்வநாயகம்: விசரன்.

சிவக்கொழுந்து: ஓமோ? எங்கடை பார்த்தீபன் அயர்லாந்துக்கு வெளிக்கிட்ட அண்டைக்கு நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?

செல்வநாயகம்: ...கரையிலை. வேலை கிடந்தது.

சிவக்கொழுந்து: மூண்டு வருசம்! பெத்த பிள்ளையோடை ஒரு சொல்லுக் கதைக்கேல்லை.

செல்வநாயகம்: வள்ளம் வேண்டாம் எண்டு போனவன். அவனோடை எனக்கென்ன கதை?

சிவக்கொழுந்து: சரி... சரி. இஞ்சை, இனித்தான் நல்ல இடம் வருது. கண்ணை மூடாதேங்கோ.

செல்வநாயகம்: முதல் தரம் பாக்கிற உனக்கு நல்ல இடம் எப்பிடித் தெரியும்?

சிவக்கொழுந்து: அது... தக்சாயினி சொன்னவள்.

செல்வநாயகம்: ம்ம்.

சிவக்கொழுந்து: அந்த வள்ளம் கரைக்கு வருதெல்லே... அதிலையிருந்து குதிக்கிற பெடியனைப் பாருங்கோ. நீலச் சட்டை...

செல்வநாயகம்: முகத்தைக் காட்டமாட்டாங்கள். முதுகும் கையும்தான்.

சிவக்கொழுந்து: என்ன சொன்னனீங்கள்?

செல்வநாயகம்: ஒண்டுமில்லை. பார்.

சிவக்கொழுந்து: கயிறு கட்டுறான்... போச்சு, அவ்வளவுதான்! இஞ்சாருங்கோ... கோவிக்கக் கூடாது. அது ஆர் தெரியுமோ?

செல்வநாயகம்: ரெண்டு சுத்து, பிறகு ஒரு மடிப்பை உள்ளுக்கை விடுறது. நுனியைப் பிடிச்சு ஒரு இழுவை இழுத்தாக் கழண்டிடும். அது என்ரை அப்பு பழக்கின முடிச்சு. நான் ஒருத்தனுக்குத்தான் பழக்கினனான். இடக்கையாலை கட்டுறான் எண்டு அடிச்சும் போட்டன்... பாத்தனியே, இண்டைக்கும் இடக்கைதான்.

சிவக்கொழுந்து: ஐயோ, உங்களுக்கு முதலே தெரியுமோ!

செல்வநாயகம்: முந்தநாள் தக்சாயினி காட்டினவள். அந்த இடத்தை மட்டும் நாலு தரம் போட்டுப் பாத்தன்.

சிவக்கொழுந்து: கள்ள மனிசன்! நான் இஞ்சை பயந்து பயந்து... கேளுங்கோ. கூட்டத்திலை நிக்கத்தான் அவனைக் கூப்பிட்டவையாம். கயிறு கட்டத் தெரிஞ்சவன் ஆர் எண்டு கேக்க, ‘என்ரை அப்பா பழக்கினவர்’ எண்டு கையைத் தூக்கினவனாம்.

செல்வநாயகம்: ...அப்பிடிச் சொன்னவனோ?

சிவக்கொழுந்து: ஓம். கண்ணைத் துடையுங்கோ. ஒருக்கா அவனோடை கதையுங்கோவன்... அங்கை இப்ப என்ன நேரமோ தெரியாது. நித்திரையோ, வேலையோ...

செல்வநாயகம்: பதினொண்டு பத்து. தேத்தண்ணிக்கு விட்டிருப்பாங்கள். போனைத் தா.

சிவக்கொழுந்து: உந்தப் பிழை மணிக்கூட்டைப் பாத்துச் சொல்லாதேங்கோ!

செல்வநாயகம்: அது பிழையில்லைக் கொழுந்து. அவன் பிளேன் ஏறின அண்டைக்கு, அவன் போற ஊர் நேரத்துக்கு நான்தான் திருப்பி வைச்சனான்.