இரண்டாவது இதயம்

வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினால் எனக்கு வாந்தி வரும். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை வளைய ஆரம்பித்ததுமே வயிறு புரளும். ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து முகர்ந்துகொண்டே போவேன். அப்படியும் அந்தக் குடும்பத்தைப் பார்க்கப் போய்க்கொண்டுதான் இருந்தேன். எங்கள் துறையில் வேறு யாரும் போனதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள் மேடம்.

நீங்கள் என்னைக் கூப்பிட்டது இரண்டு ஜாடிகளுக்காக. சொந்தக்காரர்களின் சம்மதம் இல்லாமல் இரண்டு மனித இதயங்களை என் அறையில் வைத்திருந்தேன் என்று பேராசிரியர் நாராயணசாமி புகார் கொடுத்திருக்கிறார். உண்மைதான், வைத்திருந்தேன். முதல் ஜாடியில் இருப்பது மாயவன். இரண்டாவதில் இருப்பது அவன் தம்பி வேடியப்பன். விசாரணைக் கமிட்டிக்கு ஜாடி போதும். ஆனால் இரண்டாவது இதயம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்து எனக்கு அலுத்துவிட்டது. நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் கொளஞ்சியம்மாள். கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே பெயரைக் கேட்டுச் சிரித்தார்கள். சுருக்கிக்கொள்ளச் சொன்னார்கள். நான் சுருக்கவில்லை. வடக்கனந்தல் பக்கம் கரும்பு வெட்டின பொன்னுரங்கத்தின் மகள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பத்தாவது தாண்டியதில்லை. நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா கரும்புக் கொல்லையில் குப்புற விழுந்து செத்தார். தோட்டத்துக்காரர் வந்து பார்த்து, குடித்துவிட்டுச் செத்திருக்கிறான் என்றார். அப்பா குடிக்கமாட்டார். அம்மா அதைச் சொல்ல வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். மறுநாளும் அதே கொல்லையில் வேலைக்குப் போக வேண்டும் இல்லையா.

எங்கள் மாதிரி ஆட்கள் திடீரென்று செத்தால் காரணத்தை வேறு யாராவதுதான் சொல்வார்கள். குடி என்பார்கள், வெயில் என்பார்கள், முனி அடித்தது என்பார்கள். காரணம் நெஞ்சுக்குள் இருக்கும். அதைத் திறந்து பார்க்கத்தான் யாரும் இருக்கமாட்டார்கள். நான் நோய்க்குறியியல் எடுத்தது அதற்காக. உயிரோடு இருக்கிறவர்களைப் பார்க்கிற படிப்பு எதையாவது எடு என்று எல்லோரும் சொன்னார்கள். கேட்கவில்லை.

பக்கத்து ஊர்களில் பிரேதப் பரிசோதனையில் எடுக்கிற இதயங்கள் பரிசோதனைக்காக எங்கள் துறைக்கு வரும். ஃபார்மலினில் ஊறின இதயத்தை நுனியிலிருந்து ரொட்டி அரிகிற மாதிரி அரிய வேண்டும். பெரும்பாலும் வயதானவர்களின் இதயங்கள், அடைத்துப் போன குழாய்கள். அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

மாயவனுடையது அப்படி இல்லை. மலையிலிருந்து இறங்கி வந்து மண்டியில் மரவள்ளிக்கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன். முதுகில் மூட்டையோடு விழுந்தான். போலீஸ் கேஸ் ஆனதால் அறுத்தார்கள், இதயம் என்னிடம் வந்தது. குழாய்கள் சுத்தமாக இருந்தன. ஆனால் நடுச்சுவர் இரண்டு விரல் அகலத்துக்குத் தடித்திருந்தது. மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். நல்ல இதயத்தில் தசைநார்கள் நடவு நட்ட வரிசை மாதிரி ஒழுங்காக ஓடும். இவனுடையது மாடு புகுந்து மிதித்த வயல். பரம்பரையாக வருகிற நோய் அது. கூடப் பிறந்தவர்களில் பாதிப் பேருக்கு இருக்கலாம். ஓட்டம், பாரம், மூச்சு வாங்கும் வேலை, இவற்றின் போது இதயம் தாளம் தப்பி நின்றுவிடும்.

ஸ்லைடுகளைப் பேராசிரியரிடம் காட்டினேன். சந்தோஷப்பட்டார். அடுத்த மாதம் ஹைதராபாத் மாநாட்டில் அதைப் பேசினார், அவர் பெயரில். கடைசிப் படத்தில் நன்றி என்று போட்டு, கீழே என் பெயர், அதையும் தப்பாக. திரும்பி வந்ததும் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

“கொளஞ்சி, ஒரு இதயம்னா அது வெறும் கேஸ்மா. அதே குடும்பத்துல இன்னொண்ணு கொண்டா. அப்ப ஆராய்ச்சின்னு ஒத்துக்கறேன். உன் பேரையே முதல்ல போட்டுக்கோ.”

சாதாரணமாகத்தான் சொன்னார். சொன்ன நிமிஷமே மறந்திருப்பார். நான் மறக்கவில்லை.

முதல் தடவை மாயவன் வீட்டுக்குப் போனபோது வேடியப்பன் வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தான். இருபது வயசுப் பையன், பெண்கள் செய்கிற வேலையை முகம் சுளித்துக்கொண்டு செய்தான். தோளுக்குக் கீழே கறுப்புக் கயிறு கட்டியிருந்தது. அந்தப் பக்கமாகப் போன இரண்டு பேர், “இன்னாடா அடைகோழி, இன்னிக்கி எத்தினி முட்டை?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவன் ஒரு புளியங்கொட்டையை எடுத்து அவர்கள் மேல் விட்டெறிந்தான்.

அவன் அம்மா பச்சையம்மாள் காரணம் சொன்னார். அவருடைய கொழுந்தனும் அப்படித்தான், ஏர் ஓட்டும்போது முனி அடித்துச் செத்தவர். அதிலிருந்து அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஒருவனை முனி அடித்துவிட்டால், கூடப் பிறந்தவர்களுக்குக் கயிறு கட்டி வீட்டோடு வைத்துவிடுவார்கள். பாரம் தூக்கக் கூடாது. மேடு ஏறக் கூடாது. ஓடக் கூடாது. ஒரு தடவை ருசி கண்ட முனி அடுத்த ஆளைத் தேடிக்கொண்டே இருப்பானாம். மூச்சு வாங்கும் சத்தம் காதில் விழுந்தால் வந்துவிடுவானாம்.

நான் எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த நோய்க்கு எந்த இதய மருத்துவரும் முதலில் எழுதித் தருவது இதைத்தான். பாரம் வேண்டாம், ஓட்டம் வேண்டாம், மூச்சு வாங்க வேண்டாம். அந்த அம்மாள் முனி என்று நினைத்துக்கொண்டு மகனைச் சரியாகத்தான் காப்பாற்றி வைத்திருந்தார்.

அன்றைக்கே, கையோடு கொண்டுபோயிருந்த கருவியில் வேடியப்பனுக்கு ஈசிஜி எடுத்தேன். “கரண்டு அடிக்குமாக்கா?” என்று கேட்டுக்கொண்டே படுத்தான். சட்டையைக் கழற்றியதும் கூச்சத்தில் சிரித்தான். காகிதம் வெளியே வர வர எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் எங்கள் கல்லூரி இருக்கிற கள்ளக்குறிச்சிக்கு வரவழைத்து, தெரிந்தவர் ஒருவரின் ஸ்கேன் மையத்தில் எக்கோவும் எடுத்தேன். படத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அண்ணனுடைய அதே சுவர், அதே தடிமன்.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது சின்ன வேலை. துடிப்பைக் குறைக்கிற மாத்திரை அரசு ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கும். சென்னைக்கு அனுப்பியிருந்தால் நெஞ்சுக்குள் கருவி வைப்பதைப் பற்றியும் பேசியிருப்பார்கள். அதெல்லாம் இல்லாவிட்டாலும் கயிறு கையில் இருக்க, அவன் புளி கொட்டை எடுத்துக்கொண்டே இருந்திருப்பான்.

அவனுக்கு அது பிடிக்கவில்லை. போலீஸ் தேர்வுக்குப் போக ஆசை. பிளஸ் டூ முடித்திருந்தான். எழுத்துத் தேர்வுக்குப் படித்துவிடுவான், ஓட்டத்தில்தான் பயம். மறுபடி நான் மலைக்குப் போனபோது அம்மாவை வைத்துக்கொண்டே கேட்டான்.

“நீ சொல்லுக்கா. முனி இருக்குதா, இல்லியா?”

பச்சையம்மாள் என்னைப் பார்த்தார். “டாக்டரம்மா, இவனுக்கு நல்லதா நாலு வார்த்த சொல்லுங்க. எங்கொழுந்தன் இப்பிடித்தான் போனாரு, எம்பெரியவன் இப்பிடித்தான் போனான். இவன் மூச்சு வாங்காம வூட்டுல இருந்துகினு இருந்தா போதும். போலீசும் வாணாம், ஒண்ணும் வாணாம்.”

அவர் கேட்ட நாலு வார்த்தை என் வாயில் இருந்தது. அதை விழுங்கிவிட்டுப் பகுத்தறிவு பேசினேன். மூடநம்பிக்கைதான் நம் ஜனங்களை மூலையில் உட்கார வைத்தது என்றேன். என்னையும் இப்படிக் கட்டிப் போட்டிருந்தால் நான் டாக்டர் ஆகியிருப்பேனா என்று கேட்டேன். இதை வேறு எந்த வீட்டில் சொல்லியிருந்தாலும் சரியான பேச்சு. பிறகு அவன் பக்கம் திரும்பினேன்.

“முனியும் இல்ல கினியும் இல்ல. எல்லா டெஸ்டும் பாத்துட்டேன். உனக்கு ஒண்ணும் இல்ல. ஓடு.”

கயிற்றை நான்தான் அறுத்தேன், பையில் இருந்த பிளேடால். பச்சையம்மாள் அறுந்து விழுந்த கயிற்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு, “படிச்சவ நீ சொன்னா சரிதாம்மா” என்றார். புறப்படும்போது ஒரு பை நிறையக் கடுக்காய் கொடுத்தார்.

மலையிலேயே ஓடிப் பழகுகிறேன் என்றான். வேண்டாம், கீழே வா என்றேன். கள்ளக்குறிச்சியில் அறை பார்த்துக் கொடுத்தேன். ஷூ வாங்கிக் கொடுத்தேன். ஏன் கீழே என்று நீங்கள் கேட்பீர்கள். மலையில் விழுந்தால் அன்று மாலையே உடல் மண்ணுக்குள் போய்விடும். கீழே, பத்துப் பேர் பார்க்கும் மைதானத்தில் விழுந்தால், போலீஸ் வரும், அறுப்பார்கள், இதயம் என் மேசைக்கு வரும்.

சொல்லிவிட்டேன். நினைத்ததைவிடச் சுலபமாக இருக்கிறது.

காலையில் ஓடிவிட்டு நேராக என் வீட்டுக்கு வருவான். இட்லி வைப்பேன். நன்றாகச் சாப்பிடுவான். ஒருநாள் தட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

“ஓடி முடிச்சா நெஞ்சு அடிச்சிக்குதுக்கா. கண்ணு இருட்டிக்கினு வருது. பழகாததால இருக்கும், இல்ல?”

ஆமாம், ஆரம்பத்தில் எல்லோருக்கும் அப்படித்தான், குளுக்கோஸ் கலந்து குடி என்றேன். குளுக்கோஸ் பாக்கெட்டையும் நானே வாங்கி வந்தேன். இது முக்கியம் மேடம். அதுவரை எக்கோ படத்தைத் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். குளுக்கோஸுக்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியாது.

மாசி மாதம் ஒரு காலையில், கடைசிச் சுற்றில் விழுந்தான். கூட ஓடின பையன்கள் கால் தடுக்கி விழுந்தான் என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்கள். எனக்குப் போன் வந்தபோது இட்லி வெந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, பிரேதப் பரிசோதனை செய்யப்போகும் மருத்துவருக்குப் போன் செய்தேன். இதயத்தை வெட்டாமல் முழுசாக அனுப்பச் சொன்னேன். அழுதது அதற்குப் பிறகுதான். அழுதேன் என்பது உண்மை. நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

உடலை வாங்க வந்த பச்சையம்மாள் தையல் போட்ட நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு, “உள்ள எல்லாம் இருக்குதாம்மா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். பிறகு, “நாந்தான், கயித்த அறுக்க வுட்டுட்டேன்” என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். கையைப் பிடித்துத் தடுத்தேன். உங்கள் மேல் தப்பு இல்லைம்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

இரண்டு சகோதரர்கள், இரண்டு இதயங்கள், ஒன்றுக்கு இறப்பதற்கு முன்னாலேயே எடுத்த ஈசிஜியும் எக்கோவும். அப்படி ஒரு சேர்க்கை எளிதில் கிடைக்காது. கட்டுரையை வெளிநாட்டுப் பத்திரிகை ஏற்றுக்கொண்டது. முதல் பெயர் கொளஞ்சியம்மாள், முழுசாக, எழுத்துப் பிழை இல்லாமல். பேராசிரியரின் பெயர் எங்கேயும் இல்லை. அதனால்தான் அவருக்கு ஜாடிகள் ஞாபகம் வந்தன. சம்மதக் கடிதம் எங்கே என்று கேட்டார். மாயவன் இதயத்தின் ஸ்லைடுகளோடு ஹைதராபாத் போனபோது அவர் அதைக் கேட்கவில்லை.

வேடியப்பனை நான் கொன்றேன். கவனக்குறைவு, நெறிமீறல் என்றெல்லாம் எழுத வேண்டாம். தெரிந்தே ஓட வைத்தேன், விழுவதற்காகக் காத்திருந்தேன். என் அப்பாவின் சாவுக்குத் தோட்டத்துக்காரர் ஒரு பொய்க் காரணம் சொன்னார். நான் இந்தப் பையனுக்குப் பொய்யை முன்னாலேயே சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம். அவனால் இனி நாலு பேர் பிழைப்பார்கள் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கட்டுரை இங்கிலீஷில் இருக்கிறது. மலையில் அதை யார் படிப்பார்கள் என்று இப்போது யோசித்தால் களைப்பாகத்தான் இருக்கிறது.

அந்தக் குடும்பத்திடம் நோயைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. பயந்துவிடுவார்கள். ஆனால் அவர்களை நான் கைவிடவில்லை. கடைசிப் பெண் சின்னக்கண்ணு என் வீட்டில்தான் இருக்கிறாள். இரண்டு மகன்களையும் பறிகொடுத்த பிறகு பச்சையம்மாள்தான் கொண்டுவந்து விட்டார். “இவளயாவது மலையில வுடாம, நீ கண்ணால பாத்துக்கினு இரும்மா” என்றார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வந்த வாரமே ஈசிஜி எடுத்தேன். அண்ணன்களின் நெஞ்சுதான் அவளுக்கும். இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறேன். நல்ல சாப்பாடு, நல்ல துணி, எதிலும் குறை வைக்கவில்லை. நான் கெட்டவளாக இருந்தால் இதையெல்லாம் செய்வேனா, சொல்லுங்கள்.

சீக்கிரம் எழுதி முடித்துவிடுங்கள் மேடம். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம். நான் போய்ப் பார்க்காவிட்டால் சின்னக்கண்ணு கோபித்துக்கொள்வாள்.