அறுபத்தொன்றும் நூற்று நாற்பத்தெட்டும்

அன்று சாப்பாட்டு மேசையில் நான்கு பேர் இருந்தோம்: நான், என் மனைவி பியாட்ரிஸ், எங்கள் ஒரே மகன் எரிக், அவன் மனைவி கிருத்திகா. மட்டன் சற்று வேகாமல் இருந்தது. அதைத் தவிர அந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்ஸ்பெக்டர் ஸ்ரீகண்டன், நீங்கள் இதை விபத்து என்று எழுதி முடித்து ஆறு வாரம் ஆகிறது. முடித்த கோப்பை மறுபடி எடுப்பது உங்களுக்குச் சலிப்பு என்பது முகத்தில் தெரிகிறது. வாசலில் நின்ற உங்கள் கான்ஸ்டபிள், "ஏனு தாத்தா, பென்ஷன் புக் களெது ஹோய்த்தா?" என்று கன்னடத்தில் கேட்டார். பென்ஷன் புத்தகத்தைத் தொலைக்கிற ஆள் மாதிரியா நான் இருக்கிறேன்? எழுபத்து நான்கு வயதிலும் என் சட்டைக்கு நானே இஸ்திரி போடுகிறவன் நான். போகட்டும். தாள் கொடுத்தீர்கள், அது போதும். நானே எழுதித் தருகிறேன். நீங்கள் எழுதினால் பிழை வரும்.

முதலில் என் தொழிலைச் சொல்ல வேண்டும். புரதம் என்பது ஒரு நீளமான சங்கிலி. அமினோ அமிலம் என்ற அலகுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது. அந்தச் சங்கிலி நீட்டி நிற்காது. மடிந்து சுருண்டு ஓர் உருவம் கொள்ளும். அப்படி மடியும்போது, வரிசையில் வெகுதூரம் தள்ளி இருக்கும் இரண்டு அலகுகள் பக்கத்தில் வந்துவிடும். அவற்றின் அணுக்களுக்கு நடுவே நாலரை ஆங்ஸ்ட்ராமுக்குள் இடைவெளி இருந்தால் அதைத் தொடுகை என்போம். தாண்டினால் தொடுகை இல்லை. ஆங்ஸ்ட்ராம் எவ்வளவு என்று கேட்பீர்கள். உங்கள் மீசை முடி ஒன்றின் தடிமனில் சில லட்சம் அடங்கும். எது எதைத் தொடுகிறது என்ற பட்டியல் இருந்தால், ஒரு புரதம் எதன் பலத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். முப்பது வருடம் நான் அந்தப் பட்டியல்களைத்தான் போட்டேன்.

1996-ல் நொதி என்ற வகைப் புரதம் ஒன்றில், அறுபத்தொன்றாம் அலகும் நூற்று நாற்பத்தெட்டாம் அலகும் தொடுகின்றன என்று கண்டேன். நொதியின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்திருப்பது அந்த ஒரு தொடுகைதான் என்று எழுதினேன். வெளிநாட்டுப் பாடப்புத்தகம் ஒன்றில் அதற்கு 'ஹெர்பர்ட் தொடுகை' என்றே பெயர் போட்டார்கள். என் தாத்தாவின் பெயர் கண்டோன்மென்டில் எங்கள் சர்ச் சுவரில் கல்லில் இருக்கிறது. அப்பாவின் பெயர் அவர் தலைமையாசிரியராக இருந்த பள்ளியின் முகப்பில் இருக்கிறது. என் பெயர் புத்தகத்தில். எரிக் மட்டும்தான் முப்பத்தெட்டு வயதாகியும் எங்கும் எதையும் பதிக்கவில்லை.

அவனும் அதே துறைதான். ஆனால் அவன் காலத்து வேலை வேறு. பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போவார்கள். திரும்பி வருவதற்குள் இரண்டு லட்சம் புரதங்களின் தொடுகைகள் பட்டியலாகிக் கிடக்கும். அதில் ஒன்றையாவது கண்ணால் பார்த்தாயா என்று கேட்டால் சிரிப்பார்கள். அப்படி அழுத்திய ஒரு பொத்தானில் என் தொடுகை காணாமல் போயிற்று.

"டாடி, கோவிச்சுக்காதீங்க," என்று ஆரம்பித்தான். "அறுபத்தொண்ணும் நூத்திநாப்பத்தெட்டும் ஒரே மாலிக்யூல்ல இல்ல. ஃபைல்ல ரெண்டு காப்பி இருக்கு, ஏ, பி-ன்னு. உங்க ப்ரோகிராம் நம்பர மட்டும் படிச்சிருக்கு, எழுத்தப் படிக்கல. ஏ-வோட அறுபத்தொண்ணு, பி-யோட நூத்திநாப்பத்தெட்டத் தொடுது. அவ்ளோதான்."

"ஒரே காப்பிக்குள்ள எவ்ளோடா தூரம்?" என்றாள் பியாட்ரிஸ்.

"இருபத்திமூணு ஆங்ஸ்ட்ராம், மம்மி."

உங்களுக்காக ஒரு வரி. படிகத்தில் ஒரே புரதத்தின் பிரதிகள் பக்கம் பக்கமாக அடுக்கி இருக்கும். சிவாஜிநகர் பஸ்ஸில் இரண்டு பேர் தோள் உரசி நிற்பதைப் பார்த்து அண்ணன் தம்பி என்று எழுதிவிட்டேன் என்கிறான் என் மகன்.

கிருத்திகா ஈரோட்டுப் பக்கம். ஏதோ கம்பெனியில் அடுத்தவர் எழுதிய மென்பொருளில் பிழை பார்க்கிற வேலை. எரிக் அவளை ரிஜிஸ்டர் ஆபீசில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றபோதுகூட நான் குரலை உயர்த்தவில்லை. நாற்காலி போடச் சொன்னேன். எரிக் சொன்னதைக் கேட்டு அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, "பக்கத்து வீட்டுக்காரரு கை நம்ம ஜன்னலுக்குள்ள வந்துட்டா, அது நம்ம கையாயிருமுங்களா மாமா?" என்றாள்.

பியாட்ரிஸ் சிரித்தாள். நாற்பத்து மூன்று வருடத்தில் என் மேசையில் என்னைப் பார்த்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. எரிக்கும் சிரித்தான், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"நாளைக்குக் காலையில ஜர்னலுக்கு லெட்டர் அனுப்பிடறேன் டாடி. நாமளே சொல்லிட்டா மரியாதை."

"யாரு அந்த நாம?" என்றேன்.

அவன் எலும்பைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நேர்மை முக்கியம். எரிக் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. அந்த எழுத்தை என் ப்ரோகிராம் படிக்கவில்லை என்பது 2003-லேயே எனக்குத் தெரியும். லாவண்யா என்று எனக்கு ஒரு மாணவி இருந்தாள். அறுபத்தொன்றை மாற்றிப் போட்டால் நொதி குலைய வேண்டும். நான்கு வருடம் மாற்றி மாற்றிப் போட்டாள். நொதிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் அறை வாசலில் வந்து அழுதாள். அன்று சாயங்காலம் பழைய கோப்பைத் திறந்து பார்த்தேன், புரிந்தது. மறுநாள், இந்தப் பெண்ணின் கை சோதனைச் சாலைக்கு லாயக்கில்லை என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். இப்போது ஜோகுபாளையத்தில் ட்யூஷன் எடுக்கிறாளாம். அவளுக்கு அது போதும். ஒரு பெண்ணின் பட்டத்துக்காக மூன்று தலைமுறைப் பெயரைக் கீழே போட முடியாது. எளிய கணக்கு.

மூன்றரை மணி இருக்கும். லிங்கராஜபுரத்தில் காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். வந்தால் மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்ப வேண்டும். அன்று மிதவை சிக்கிக்கொண்டு தொட்டி வழிந்தது. தொட்டி மொட்டைமாடியின் ஓரத்தில் தூண்கள் மேல் இருக்கிறது. கீழே மூன்று மாடி. ஏறுவதற்கு ஓர் இரும்பு ஏணி. அதன் ஒரு காலில் ரப்பர் தேய்ந்து போனதால், யாராவது ஏறினால் இன்னொருவர் அடியில் பிடித்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். எரிக் பன்னிரண்டு வயதிலிருந்து ஏறுகிறான். எப்போதும் நான்தான் பிடிப்பேன். வேறு யார் பிடித்தாலும் அவன் ஏற மாட்டான்.

தரையெல்லாம் ஈரம். அவன் மேலே போய்ப் பாதி உடம்பைத் தொட்டிக்குள் விட்டு மிதவையைத் தட்டினான்.

"டாடி, பிடிச்சிருக்கீங்கல்ல?"

"பிடிச்சிருக்கேன்."

"லெட்டர நீங்க ஒரு தடவ படிச்சுப் பாத்திருங்க டாடி. ராத்திரிக்குக் காட்டறேன். உங்களுக்குப் பிடிக்கும்."

நான் கையை எடுத்தேன். ஓரடி பின்னால் நகர்ந்து நின்றேன். தள்ளவில்லை. உதைக்கவில்லை. அவன் திரும்பி இறங்குவதற்காகக் காலை வைத்தான், ஏணி வழுக்கியது. அந்த நேரத்தில் எனக்கும் அந்த ஏணிக்கும் இடையே தொடுகை இல்லை. யார் அளந்து பார்த்தாலும் அப்படித்தான் வரும்.

தண்ணீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. படியிறங்கி வந்து மோட்டாரை அணைத்துவிட்டுத்தான் பியாட்ரிஸைக் கூப்பிட்டேன். தண்ணீரை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து, கிருத்திகா அந்தக் கடிதத்தை அச்செடுத்துக் கொண்டுவந்தாள். கண் வீங்கியிருந்தது.

"பாருங்க மாமா, உங்க பேரத்தானுங்க மேல போட்டிருக்காரு," என்றாள்.

படித்தேன். இந்தப் பிழையை முதலில் கண்டவர் என் தந்தை ஹெர்பர்ட், அவர் கேட்டுக்கொண்டதால் அதைத் திருத்தி எழுதுகிறோம் என்று இருந்தது. அவனுக்குத் தெரியாமலே அதில் பாதி உண்மை. ஆனால் தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தது போல எழுதுவது எங்கள் துறையில் பெரிய குற்றம். அவனுக்கு அதை நான் சொல்லித்தரவில்லை. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"இத அனுப்பட்டுங்களா மாமா?"

"துக்கம் முடியட்டும்மா," என்றேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இதோ, இதனுடன் இணைத்திருக்கிறேன்.

இதை எழுதினால் ஹெர்பர்ட் தொடுகை போய்விடும் என்பது எனக்குத் தெரியும். போகட்டும். கணக்கில் பிழை யாருக்கும் வரலாம், அதில் அவமானம் ஏதுமில்லை.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் வேறு. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பாடகர் குழுவில் பாடும் கேரல் என்ற பெண், பியாட்ரிஸின் தோளைத் தொட்டு, "மனச தேத்திக்கங்க ஆன்ட்டி. இந்தக் காலத்துப் பசங்க டக்குனு அவங்களே முடிவு எடுத்துடறாங்க," என்றாள். கூடத்தில் நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். நவம்பர் நினைவு ஆராதனைக்கு வாசிக்க வேண்டிய பெயர்ப் பட்டியலில் எரிக் இல்லை. பாஸ்டரைக் கேட்டேன். "சபையில பேச்சு வருது ஐயா, கொஞ்ச நாள் போகட்டுமே," என்றார். என் தாத்தா கல் எடுத்துக் கொடுத்துக் கட்டிய சர்ச் அது. அதே சுவருக்குள் நின்று என் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னார்.

ஆகவே இது பதிவாக வேண்டும், ஒரு நகல் பாஸ்டருக்குப் போக வேண்டும். எரிக் குதிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் தற்கொலை செய்துகொண்டதில்லை. அவன் இறங்கத்தான் காலை வைத்தான். ஏணியை விட்டது நான்.