திறக்காத ஜாமீன் உத்தரவு

என் பெயர், தகப்பனார் பெயர், அடையாள அட்டை விவரம் எல்லாம் ஆய்வாளர் கேட்டு முதலிலேயே பதிந்துகொண்டார். வயது நாற்பத்துமூன்று. ரயில்வே மேம்பாலத்தை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில், லிஃப்ட் வேலை செய்யாத பக்கம், மூன்றாவது மாடியில் மனைவி, மகளுடன் குடியிருக்கிறேன். நீதிமன்ற வளாகத்தில் கணினிப் பராமரிப்பு வேலை பார்த்தேன். ஒப்பந்த வேலைதான். வளாகத்தில் என் பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது, 'சிஸ்டம்' என்றால் டவாலி முதல் டீ கொண்டுவருபவர் வரை காட்டுவார்கள். இந்த வாக்குமூலத்தை யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் கொடுக்கவில்லை. கேட்டார்கள், சொல்கிறேன்.

போன ஆட்சியில் நீதிமன்றக் கணினிகள் எல்லாவற்றிலும் கட்டற்ற மென்பொருள் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத, யார் வேண்டுமானாலும் உள்ளே பார்த்துத் திருத்தலாம் என்கிற மென்பொருள். அதைப் போட்டுத் தருவதற்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். கல்லூரி முடித்த காலத்திலிருந்தே எனக்கு அதில் பழக்கம் உண்டு. சைக்கிள் கடை மாடியில் ஒரு அறை பிடித்து, நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, பழைய கணினிகளில் அதை ஏற்றிக் கொடுப்போம். எங்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவரைத் தாடி என்று கூப்பிடுவோம். கணினி காட்டும் செய்திகளை எல்லாம் நாங்களே தமிழில் எழுதினோம். கோப்பு திறக்காவிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டோம். நான் 'திறக்க முடியவில்லை' என்றேன். தாடி, "இயலவில்லைன்னு போடுடா, மரியாதையா இருக்கும்" என்றார். அப்படியே போட்டேன். இது வழக்குக்குத் தேவையா என்று ஆய்வாளர் கேட்டார். தேவை என்று சொன்னேன்.

அதன் பிறகு தேர்தல் வந்து ஆட்சி மாறியது. புது ஆட்சி, கட்டற்ற மென்பொருள் எல்லாம் வேண்டாம், பாதுகாப்பில்லை என்று சொல்லி ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தம் கொடுத்தது. நீதிமன்றத்திலிருந்து ஜெயிலுக்கு உத்தரவுகள் இனி கம்பெனி மென்பொருள் வழியாகத்தான் போகும், காகிதம் செல்லாது என்று சுற்றறிக்கை வந்தது. முன்பு யாரோ போலிக் காகிதம் காட்டி ஒருவரை வெளியே கூட்டிப் போனதால் அந்த முடிவு என்றார்கள். மாற்றும் வேலை பாதியில் நின்றது. சில நீதிமன்றங்களில் கம்பெனி கணினி, சிலவற்றில் நான் போட்ட பழைய கணினி. கம்பெனிப் பெட்டியை ஒரு நாள் திறந்து பார்த்தேன். அடியில் ஓடுவது எங்கள் கட்டற்ற மென்பொருளேதான். மேலே பெயரை மாற்றிப் பூட்டுப் போட்டிருந்தார்கள். தாடி இப்போது அந்தக் கம்பெனியில்தான் பெரிய பதவியில் இருக்கிறார்.

எங்கள் வளாகத்தில் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தப் பணியாளர் ஒரு அம்மாள் உண்டு. என் அறையையும் அவர்தான் பெருக்குவார். என்னை அண்ணே என்பார். அவர் வீட்டுக்காரர் சுவரில் விளம்பரம் எழுதும் பெயிண்டர். தேர்தலுக்கு முன் அவர், அப்போது எதிர்க்கட்சியாக இருந்தவர்களுக்காக, பழைய எம்.எல்.ஏ. அலுவலகச் சுவரில் 'குழாய் இருக்கு, தண்ணி எங்கே?' என்று எழுதினார். பொதுச் சொத்துக்குச் சேதம், கலவரத்தைத் தூண்டுதல் என்று பிடித்து ரிமாண்டில் வைத்தார்கள். அவர் யாருக்காக எழுதினாரோ அந்தக் கட்சிதான் தேர்தலில் ஜெயித்தது. அந்த அம்மாள் கட்சியின் வட்டச் செயலாளர் வீட்டுக்குப் போய் நின்றார். அவர் சொன்னதாக என்னிடம் அந்த அம்மாள் சொன்னது: "இப்ப நாமதான்மா ஆட்சி. நம்ம ஆள் கேஸை நாமளே வாபஸ் வாங்கினா பத்திரிகைக்காரன் கிழிச்சிடுவான். கொஞ்சம் பொறு."

பெயிண்டருக்குச் சர்க்கரை வியாதி. ஜெயிலில் வலது காலில் ஒரு புண் வந்தது. ஜெயில் ஆஸ்பத்திரியில் களிம்பு தடவினார்கள். அந்த அம்மாள் ஜெயிலுக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்து, "கம்பிக்கு இந்தப் பக்கம் நிக்கும்போதே வாடை அடிக்குதுண்ணே" என்றார். அதன் பிறகு இலவச சட்ட உதவி வக்கீல் ஒருவர் மருத்துவக் காரணம் காட்டி மனுப் போட, நீதிபதி டாக்டர் அறிக்கையைப் பார்த்து உடனே ஜாமீன் கொடுத்தார். நல்ல மனிதர். உத்தரவை வாசித்துவிட்டு, "இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கம்மா" என்று மேடையிலிருந்தே சொன்னார். கோடை விடுமுறைக்கு முன் கடைசி வேலை நாள் அது. அன்று மாலையே அவர் வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த நீதிமன்றத்தில் இருந்தது நான் போட்ட பழைய கணினி. அதில் அடித்த உத்தரவு கம்பெனி மென்பொருள் வழியாக ஜெயிலுக்குப் போனது. அந்த அம்மாள் ஜெயில் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "பேரே வரலைங்கறாங்கண்ணே" என்றார். நான் நீதிபதி கையெழுத்திட்டிருந்த உத்தரவின் அச்சுப் பிரதியில் நீதிமன்ற முத்திரை வாங்கிக்கொண்டு அவருடன் ஜெயிலுக்குப் போனேன். ஜெயிலர் மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போட்டார். தன் திரையைத் திருப்பிக் காட்டினார். அதில் 'இக்கோப்பைத் திறக்க இயலவில்லை' என்று இருந்தது.

நான் அச்சுப் பிரதியைக் கொடுத்தேன். "இது ஒரிஜினல்னு எனக்குத் தெரியுது சார். ஜட்ஜ் கையெழுத்தும் எனக்குத் தெரியும். ஆனா பேப்பர்ல விட்டா என் வேலை போயிடும். சிஸ்டத்துல வரட்டும், அடுத்த நிமிஷம் கதவைத் திறக்கறேன்" என்றார். அந்த அம்மாள், "இவருதாங்க சிஸ்டம்" என்று என்னைக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாளும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

கோளாறு என்னவென்று எனக்குத் தெரியும். பழைய கணினியில் சில தமிழ் எழுத்துகள் சேமிக்கப்படும் விதம் வேறு, கம்பெனிப் பூட்டு அதை ஏற்காது. இதை நான் முன்பே கட்டற்ற மென்பொருள் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். மூலநிரல் திறந்துதான் இருக்கிறது, நீங்களே திருத்தி அனுப்பலாமே என்று எங்கோ இருந்து ஒருவர் பதில் போட்டார். அந்த அளவுக்கு எனக்கு வேலை தெரியாது. எல்லாரும் பார்க்கலாம், அதனால் தப்பு நிற்காது என்று நானே எத்தனையோ கூட்டங்களில் மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன். அத்தனை வருடத்தில் அந்த வளாகத்தில் அதை உள்ளே திறந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். நானும் பழுதானால்தான் பார்ப்பேன். கம்பெனியின் உதவி எண்ணுக்கும் புகார் கொடுத்தேன். அன்று சாயங்காலமே போனுக்குச் செய்தி வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.

அதன் பிறகு விடுமுறைக்கால நீதிபதியிடம் வக்கீலுடன் போனேன். அவர் உத்தரவைப் படித்தார். "ஆர்டர் சரியாத்தான் இருக்கு. ஆனா இன்னொருத்தர் போட்ட ஆர்டர்ல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? கோர்ட் திறந்ததும் மெமோ போடுங்க" என்றார். வக்கீல் பெயிண்டரின் கால் புண்ணைப் பற்றிச் சொன்னார். நீதிபதி, "எனக்குப் புரியுது" என்றார். புரிந்தது என்றுதான் நானும் நினைக்கிறேன். புரிந்து ஆகப்போவது ஒன்றும் இருக்கவில்லை.

நான் தாடிக்குப் போன் செய்தேன். ஒரு உத்தரவை மட்டும் உள்ளிருந்து தள்ளிவிட முடியுமா என்று கேட்டேன். "டேய், அது சட்டப்படி குத்தம்டா. எழுத்துப்பூர்வமா அரசாங்கம் கேட்டா பண்ணலாம்" என்றார். பிறகு, "எப்படி இருக்கே, பொண்ணு என்ன படிக்கிறா?" என்று விசாரித்தார்.

வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் இதைச் சொன்னேன். "பாவம்தான். அதுக்காக நீங்க என்ன ஜட்ஜா?" என்றாள். அவள் சொன்னது சரி. நான் செய்யப்போவது எதுவும் அவளுக்குத் தெரியாது என்பதையும் பதிந்துகொள்ளக் கேட்கிறேன்.

அடுத்த நாள் காலை அந்த அம்மாள் என் அறையைப் பெருக்க வந்தார். பெருக்கி முடித்துவிட்டு விளக்குமாற்றைச் சுவரில் சாத்தி வைத்து, "விரல் ரெண்டு கறுத்துடுச்சாம்ணே" என்றார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வெளியே போய் வராந்தாவைப் பெருக்க ஆரம்பித்தார். அதன் பிறகுதான் நான் எழுந்தேன்.

பெஞ்சு கிளார்க் அறைக்குப் போனேன். ஜாமீன் கொடுத்த நீதிபதியின் ஒப்பச் சாவி அங்கே மேசை இழுப்பறையில் இருக்கும். பென்டிரைவ் போல இருக்கும், சொருகி ரகசிய எண் அடித்தால் நீதிபதி கையெழுத்துப் போட்டதாகக் கணக்கு. ரகசிய எண் எனக்குத் தெரியும், அமைத்துக் கொடுத்தவனே நான்தான். இழுப்பறை பூட்டியிருந்ததா, கிளார்க் அம்மா வேண்டுமென்றே திறந்து வைத்தாரா என்று ஆய்வாளர் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தப் பூட்டு பல மாதமாகவே பிடிப்பதில்லை. நான் போனபோது கிளார்க் அம்மா ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பக்கத்து நீதிமன்றத்தில் இருந்த கம்பெனி கணினியில் உட்கார்ந்து, அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்து, உத்தரவை எழுத்துக்கு எழுத்து திரும்ப அடித்தேன். ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை. ஓரிடத்தில் 'சிகிச்சை' என்பதில் ஒற்று விட்டுப்போயிருந்தது, அதையும் அப்படியே விட்டேன். ஒப்பச் சாவியைச் சொருகி அனுப்பினேன். சாவியைத் திரும்ப இழுப்பறையில் வைத்தேன். ஜெயிலர் சொன்ன சொல் தவறவில்லை. மதியத்துக்குள் கதவைத் திறந்துவிட்டார். பெயிண்டரை ஆட்டோவில் உட்கார வைக்க முடியாமல் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். டாக்டர் இரண்டு விரலை எடுத்தால் போதும், கால் தப்பும், தினம் சுத்தம் செய்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

நீதிபதி வெளிநாட்டில் இருக்கும்போது அவர் சாவியில் கையெழுத்து விழுந்திருப்பதைக் கம்பெனி மென்பொருள் கண்டுபிடித்துத் தகவல் அனுப்பியது. அதில் ஒரு கோளாறும் இல்லை, எல்லா எழுத்தும் சரியாக வந்தது. போலி உத்தரவில் கைதி விடுதலை என்று செய்தி வந்தது. பழைய ஆட்சிக்காரர்கள், கம்பெனி மென்பொருளில் ஓட்டை என்றார்கள். புது ஆட்சிக்காரர்கள், பழைய ஆட்சி விட்டுப்போன ஆட்களின் சதி என்றார்கள். கட்டற்ற மென்பொருள் குழு, நான் தங்கள் உறுப்பினர் அல்ல என்று அறிக்கை விட்டது. உறுப்பினர் என்று அட்டை கொடுக்கும் வழக்கமே அந்தக் குழுவில் இருந்ததில்லை. பெயிண்டரின் காலைப் பற்றி எந்த அறிக்கையிலும் இல்லை.

விடுதலை செல்லாது என்று ஆனதால் போலீசார் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெயிண்டரைப் படுக்கையிலிருந்து எடுத்துக்கொண்டு திரும்ப ஜெயில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தப்பியோடியவர் என்று ஒரு பிரிவும் கூடச் சேர்ந்தது. புண்ணைச் சுத்தம் செய்வது நின்றது. விடுமுறை முடிந்து நீதிபதி வந்து, அதே உத்தரவைக் கம்பெனி கணினியில் முறைப்படி அனுப்பினார். பெயிண்டர் இப்போது வீட்டில் இருக்கிறார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஏணியில் ஏறி எழுதுகிற தொழில் அவருக்கு.

தாடி என்னை ஸ்டேஷனில் வந்து பார்த்தார். தாடியை எடுத்துவிட்டிருந்தார். "கோப்பு திறக்கலைங்கறதை மட்டும் பெருசாக்காதே. வக்கீல் நாங்க பார்த்துக்கறோம்" என்றார். அந்தச் செய்தியைத் தமிழில் எழுதியது நாம்தான், ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அவருக்கு ஞாபகம் இல்லை. நான் அவர் வக்கீலை வேண்டாம் என்றுவிட்டேன்.

நேற்று அந்த அம்மாளை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். எனக்கு எதிராக அவரும் பெயிண்டரும் சாட்சி சொன்னால் தப்பியோடிய பிரிவை எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு. வராந்தாவில் என் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். "அண்ணே, கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார். "நல்லதும்மா" என்றேன். "நீங்க பண்ணது தப்புன்னு எழுதியிருக்காங்க. படிச்சுக் காட்டினாங்க. சரின்னுட்டேன்." "அதுவும் சரிதாம்மா" என்றேன். அவர் அழவில்லை. பெயிண்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "அவர் பேசறதில்லைண்ணே. சுவத்தைப் பார்த்துப் படுத்திருக்கார்" என்றார்.

செய்ததற்கு வருத்தப்படுகிறேனா என்று ஆய்வாளர் கேட்டார். செய்யாமல் இருந்திருந்தாலும் கால் போயிருக்கும். செய்தும் போய்விட்டது. இதில் எதற்கு வருத்தப்படுவது என்று எனக்கே பிடிபடவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இதை ஆய்வாளர் கணினியில் அடித்து, எனக்கு வாசித்துக் காட்டினார். முதல் பக்கத்தில் 'போலி உத்தரவு அனுப்பியது தொடர்பாக' என்று இருந்தது. போலி என்கிற வார்த்தையை எடுக்கச் சொன்னேன், அது நீதிபதி போட்ட உத்தரவு, ஓர் எழுத்தும் என்னுடையது இல்லை என்றேன். அவரும் எடுக்கப் பார்த்தார். அந்தக் கட்டத்தில் அந்த வார்த்தை தானாக வந்து விழுகிறது, அழிக்க வழியில்லை என்றார். அந்த ஒரு வார்த்தை நீங்கலாக மற்றதெல்லாம் நான் சொன்னது, சொன்னபடி இருக்கிறது, நடந்தபடி நடந்தது என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)